கருங்கல்லா, கரியா?



சென்ற இதழில் ஏரி வண்டலைக் குறித்து இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடிக்கொண்டு திருக்கோவிலூருக்கு வந்து சேர்ந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து நான் வீடு திரும்பிய வேளை. துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்த பொருளைத் திண்ணையில் மெல்ல அவிழ்த்து வைத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்; அட்டைக் கறுப்பு.

"கிணற்றை ஆழப்படுத்தினேன், வாத்தியாரய்யா. வெடி வைத்ததில் இது வந்தது. ஊரில் நாலு பேர் நிலக்கரி என்கிறார்கள். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

புதையல் கிடைத்தவன் முகம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். அவர் முகம் அப்படி இல்லை. இரண்டு இரவுகளாக உறங்காதவர் போலிருந்தார். காரணத்தை அவரே சொன்னார். அவருடைய மனைவி நெய்வேலிப் பக்கத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டார் நிலத்தையும் வீட்டையும் சுரங்கத்திற்குக் கொடுத்துவிட்டு வேறிடம் பெயர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. கறுப்புக் கல் வீட்டுக்கு வந்த அன்று அந்த அம்மாள் சமைக்கவே இல்லையாம். "இங்கேயும் வந்துவிட்டதா?" என்று கேட்டாராம்.

"நிலக்கரி என்றால் என் மூன்று ஏக்கர் போய்விடுமா, ஐயா?"

கல்லைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். நிலத்தைப் பற்றிய கேள்வி அது. ஆயினும் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

நான் பள்ளியில் பணியாற்றிய நாட்களில் மாணவர்களை நெய்வேலிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது கிடைத்த பழுப்பு நிலக்கரித் துண்டொன்று என் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அவருடைய இடக்கையில் வைத்து, அவர் கொண்டுவந்த கல்லை வலக்கையில் வைத்தேன். வலக்கை இறங்கிற்று. ஏறத்தாழ ஒரே அளவுள்ள துண்டுகள்தாம். ஆனால் பழுப்பு நிலக்கரி தண்ணீரைவிடச் சற்றே கனமானது. இந்தக் கல்லோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனம். மேலும் என் துண்டு உலர்ந்து வெடித்து, தொட்டால் பொடிந்தது. உற்று நோக்கினால் மரத்தின் ரேகை தெரிந்தது. அவருடைய கல்லில் ரேகையும் இல்லை, பொடியும் இல்லை. விரலில் கறுப்பு ஒட்டவும் இல்லை.

அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. எனவே கல்லைக் கொண்டுபோய் விறகு அடுப்பில் போட்டேன். என் மனைவி, "ஞாயிற்றுக்கிழமைக்குக் கல்லையா வேகவைக்கிறீர்கள்?" என்று கேட்டபடி அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்துப் பார்த்தோம். கல் கல்லாகவே இருந்தது. புகைகூட அதனுடையதன்று, விறகினுடையது. அதன் பிறகே அவர் காப்பியைக் குடித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குச் சொன்னவற்றைத்தான் இந்தத் திங்கள் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கல்வராயன் மலை எத்தகைய பாறையால் ஆனது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் "கருங்கல்" என்பார்கள். தவறில்லை. நிலநூலார் அதன் பெரும்பகுதியைச் 'சார்னோகைட்' என்பர். இப்பெயர் வந்த கதை சுவையானது. கல்கத்தா நகருக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகர் 1690களில் இறந்தார். அவருடைய கல்லறைமேல் பதிக்கப்பட்ட கல் சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து சென்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹாலண்டு என்பவர் அக்கல்லை ஆராய்ந்து, 1893இல் அந்த வணிகரின் பெயரையே அப்பாறை இனத்திற்குச் சூட்டினார். பல்லாவரத்தை அடுத்த பரங்கிமலையும் அதே இனப் பாறைதான். புனித தோமையாரின் நினைவோடு நாம் ஏறும் மலையும், இந்த விவசாயியின் கிணற்றுக்கு மேலே நிற்கும் மலையும் உறவினர் என்றால் அது மிகையாகாது.

இப்பாறை பூமியின் மேற்பரப்பில் உருவானதன்று. கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலிருந்த யாவும் காலப்போக்கில் தேய்ந்து கரைந்த பின் வெளிப்பட்டது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நிலத்தில் செடிகொடிகள் தோன்றியது ஐம்பது கோடி ஆண்டுகளுக்குள்தான். நிலக்கரி என்பது செடிகொடிகளும் மரங்களும் மாறிய மாற்றம். மரமே இல்லாத காலத்துப் பாறையில் மரக்கரி எப்படி இருக்கும்? கல்வராயன் மலையை அடிவரை தோண்டினாலும் ஒரு கூடை நிலக்கரி அகப்படாது.

அவர் கொண்டுவந்த துண்டு அந்த மலைப் பாறையும் அன்று என்றே எனக்குத் தோன்றியது. பழம்பாறையில் ஏற்பட்ட பிளவுகளில், ஆழத்திலிருந்து உருகிய குழம்பு ஏறி உறைந்து, மதில்போல் நிற்கும் மற்றொரு கருங்கல் நம் மாவட்டங்களில் பல இடங்களில் உண்டு. வணிகர்கள் அதனைப் 'பிளாக் கிரானைட்' என்பார்கள். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கல் அந்த வகையே. அதற்குக் கடல் கடந்தும் மதிப்புண்டு. மெருகேற்றிக் கல்லறைக் கற்களாக்குகிறார்கள். இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லையோ என்று பின்னால் நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"அப்படியானால் நெய்வேலியில் மட்டும் எப்படி வந்தது? நேரே பார்த்தால் வெகுதூரம்கூட இல்லையே!" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல ஓர் ஆயரைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

நிக்கோலாஸ் ஸ்டெனோ 1638இல் டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் பிறந்தவர். மருத்துவர், உடற்கூறு ஆய்வில் பெயர் பெற்றவர். 1666இல் இத்தாலியக் கடற்கரையில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராயும் பணி அவரிடம் வந்தது. அதன் பற்களைக் கண்டதும் அவருக்கு ஓர் ஐயம். மலைப்பாறைகளுக்குள் கிடைத்துவந்த முக்கோண வடிவக் கற்களை மக்கள் அக்காலத்தில் 'நாக்குக் கற்கள்' என்றழைத்துப் பலவாறு கதை கட்டி வந்தனர். அவை சுறாப் பற்களே அல்லவா? அங்ஙனமாயின் அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டுமன்றோ? இந்த எண்ணத்தைத் தொடர்ந்து சென்று 1669இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் சாரம் எளியது. நீரில் வந்து படியும் மண் கிடையாகப் படிகிறது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. அடுக்கு சாய்ந்தோ மடிந்தோ இருந்தால், படிந்த பின் ஏதோ ஒன்று அதை அசைத்திருக்கிறது. இன்று உலகில் எந்த நிலவியல் மாணவனும் முதல் வாரத்தில் படிப்பது இதுதான்.

லூத்தரன் குடும்பத்தில் பிறந்த ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். ஆயரான பின்பும் எளிய வாழ்வே வாழ்ந்து 1686இல் வட ஜெர்மனியில் காலமானார். 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். கோடி ஆண்டுக் கணக்குகளைக் கேட்டால் விசுவாசம் குலையுமோ என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் பெற்றோருக்கு நான் இவருடைய பெயரையே சொல்வது வழக்கம். பாறை அடுக்குகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரே பீடத்தில் நின்று ஆதியாகமத்தையும் வாசித்தவர். அவருக்கு இல்லாத கலக்கம் நமக்கெதற்கு?

ஸ்டெனோ சொன்னதைக் காண இத்தாலிக்குப் போக வேண்டாம். பெண்ணையாற்றங்கரைக்குப் போனால் போதும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு வந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். நீர் வடிந்த பின் கரையோர வயல்கள் பலவற்றில் நெல் இருந்த இடத்தில் மணல் கிடந்தது. அந்த மணலை வெட்டிப் பார்த்தவர்கள், கீழே பழைய வயல் மண், அதன்மேல் மடிந்த பயிர், அதன்மேல் மணல் என்று வரிசையாகக் கண்டிருப்பார்கள். ஒரே இரவில் நடந்த அச்செயலை இலட்சக்கணக்கான ஆண்டுகள் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததாக எண்ணிப் பாருங்கள். ஆற்றின் நடுவே கபிலர் உயிர் துறந்த இடமென்று ஊரார் காட்டும் பாறை இருக்கிறதே, அது மேலைநாட்டுப் பழம்பாறை இனம், அசையாது நிற்பது. அதைச் சுற்றி ஓடும் மணலோ எங்கிருந்தோ வந்து எங்கோ போய்ப் படிவது.

இவ்வாறு மேற்கு உயர்நிலங்கள் தேய்ந்து, அந்த மணலையும் களியையும் ஆறுகள் கிழக்கே கொண்டுவந்து கடலோரத்தில் அடுக்கடுக்காய்ப் படியவைத்தன. அது இறுகியதே 'கடலூர் மணற்கல்' என்னும் படிவப் பாறை. நெய்வேலியின் கரி அந்த மணற்கல்லின் மடியில்தான் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மணிமுத்தாறு இன்றும் விருத்தாசலம் வழியாக அதே கிழக்குத் திசையில்தான் மணலைச் சுமந்து போகிறது.

மணல் மட்டும் படிந்தால் கரி வராது. அக்காலத்தில் கடலோரமாகப் பெரும் சதுப்புநிலக் காடு ஒன்று இருந்திருக்கிறது. மரம் விழுந்தால் நம் தோட்டத்தில் கரையான் அரிக்கும், மழையில் மக்கும், சில ஆண்டுகளில் மண்ணாகும். தேங்கிய நீருக்குள் விழுந்த மரத்திற்குக் காற்றுக் கிடைக்காது. எனவே முழுதும் மக்காது. ஊறுகாய் போல் கிடக்கும். அதன்மேல் மற்றொரு மரம், அதன்மேல் இலை, அதன்மேல் சேறு. நீலகிரியின் உயர்ந்த சதுப்புகளில் கறுத்த பஞ்சு போன்ற மண்ணைக் காணலாம். அது இவ்வேலையின் முதற்படி. நிலம் தாழ்ந்து, ஆற்று மணல் மேலே ஏறி அழுத்த அழுத்த, நீர் பிழியப்பட்டுப் பழுப்பு நிலக்கரியாகும். இன்னும் ஆழமும் வெப்பமும் காலமும் கிடைத்தால் ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் வெட்டுவது போன்ற கறுப்பு நிலக்கரியாகும். நெய்வேலிக் கரி பாதி வழியில் நின்றுவிட்டது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. அதன் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதைவிடப் பழையது என்போரும் உண்டு.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவக்கரைக்கு ஒருமுறை போய் வாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்தில் உள்ளது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவ்விடத்தைக் குறித்திருக்கிறார். 1951இல் அது தேசியக் கல்மரப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே கடலூர் மணற்கல்லில், பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. புளியின் உறவு, ஆமணக்கின் உறவு என்று இனம் பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றிலும் கிளையில்லை, வேரில்லை, பட்டையில்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு, எல்லாம் உரிந்து, வெற்று அடிமரமாய் வந்து மணலில் புதைந்தவை அவை. மணலுக்குள் ஊறிய நீரிலிருந்த மணிக்கல் சத்து மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து கல்லாக்கிவிட்டது. சதுப்பில் விழுந்த மரம் கரியானது. மணலில் புதைந்த மரம் கல்லானது. நான் அங்கே போகும்போதெல்லாம் ஒரு கல்மரத்தின் ஆண்டு வளையங்களை விரலால் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவேன், காவலர் முறைப்பார்.

மலையடிவாரத்தில் நிலக்கரியே இராது என்று இதனால் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் மலை கிழம். அதன் அடிவாரத்தில் படிவப் பாறை இல்லை. இமயமும் அதன் கிழக்குக் கிளைகளும் இளமையானவை. அசாமின் கிழக்குக் கோடியில், பட்காய் மலையடிவாரத்தில், மார்கெரிட்டா, லீடோ என்னும் ஊர்களைச் சுற்றி நல்ல நிலக்கரி அடுக்குகள் இருக்கின்றன. கடலோரச் சதுப்பில் படிந்தவையே அவையும். பின்பு மலை எழும்பியபோது அந்த அடுக்குகளும் பாய் சுருட்டுவதுபோல் மடிந்து நிமிர்ந்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே சுரங்கம் உண்டு. சாய்ந்த, மடிந்த அடுக்கில் கரியைத் தொடர்ந்து போவது எளிதன்று. எலிபோல் குடைய வேண்டிவரும். மேகாலயாவின் ஜயந்தியா குன்றுகளில் அப்படித்தான் குடைந்தார்கள். மனிதன் தவழ்ந்து செல்லும் உயரமே உள்ள வளைகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் அதைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் குடைந்தார்கள். 2018 டிசம்பர் 13 அன்று க்ஸான் என்னுமிடத்தில் ஆற்று நீர் உட்புகுந்து பதினைந்து தொழிலாளர் உள்ளே மாட்டிக்கொண்டனர். கடற்படை முக்குளிப்போர் வந்தும் எவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் குடில் கட்டிக்கொண்டிருந்த அதே நாட்கள். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பரம்மாளின் திருநாள் டிசம்பர் 4. அன்றிலிருந்து ஒன்பது நாள் கழிந்திருந்தது.

நெய்வேலியில் குடைதல் இல்லை; அங்கே திறந்தவெளிச் சுரங்கம். அடுக்கு ஏறத்தாழக் கிடையாக இருப்பதால், மேலிருக்கும் ஐம்பது முதல் நூறு மீட்டர் மண்ணை முழுதுமாக அகற்றிவிட்டுக் கரியை எடுக்கிறார்கள். ஆகவே அங்கே உள்ளே போகிறவனைவிட மேலே வாழ்கிறவனைப் பற்றியதே கேள்வி.

கதை 1934 அளவில் தொடங்குகிறது. நெய்வேலிப் பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. (நம் விவசாயிக்கு வந்தது போலவே; வேறுபாடு என்னவென்றால் அது கல்லன்று, எரிந்தது.) அவர் அதை அரசினரின் கவனத்திற்குக் கொண்டுபோனார்; பின்னர் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை இத்திட்டத்திற்கென்று வழங்கினார் என்பர். 1940களில் நிலவியல் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தனர். 1956 நவம்பரில் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். காமராசர் அப்போது முதலமைச்சர். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல்மின் நிலையம் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. 'லெக்கோ' என்ற பெயரில் அங்கிருந்து வந்த கரிக்கட்டிகளைக் குமட்டி அடுப்பில் போட்டுப் பால் காய்ச்சிய தாய்மார்கள் இவ்விதழின் வாசகர்களில் இன்னும் இருப்பார்கள். என் தாயாரும் காய்ச்சினார். தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கு எரிந்ததிலும், கிணறுகளில் மோட்டார் ஓடியதிலும் நெய்வேலிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். மலைபோல் நின்று சக்கரத்தால் மண் வெட்டும் ஜெர்மன் இயந்திரங்களை என் மாணவர்கள் வாய் பிளந்து பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

ஆயினும் அந்த மண் சும்மா கிடந்த மண்ணன்று. முந்திரியும் நெல்லும் பலாவும் விளைந்த மண். அகற்றப்பட்ட மேல்மண் குன்றுகளாய்க் குவிந்து, மலையே இல்லாத ஊருக்கு மலை உண்டாயிற்று. கரி அடுக்கிற்குக் கீழே பேரழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். முன்பு அப்பக்கத்தில் குழாய் இறக்கினால் நீர் தானாகப் பொங்கி வழியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவிப் பகுதியில் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் விடும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே கண்டது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் நிற்கிறதே என்பது உழவனின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, பயிருக்கு இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று எழுதிவிட்டுப் போவது இப்பகுதிக்கு எளிது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இழப்பீட்டுத் தொகையில் நிலத்தின் விலை இருக்கும். கிணற்றின் விலையும் மரத்தின் விலையும் இருக்கும். அண்டை வீட்டாரின் விலை அதில் இராது. ஒரே ஊரில் நான்கு தலைமுறை இருந்தவர்கள் நாற்பது ஊர்களுக்குச் சிதறிப் போனால், யார் வீட்டுத் துக்கத்திற்கு யார் போவார்கள்? கல்லறைத் திருநாளில் எந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள்? நாடு முழுவதற்கும் மின்சாரம் வேண்டும். அதற்கான விலையை ஒரு சில ஊர்களே கட்ட வேண்டும் என்பது கணக்கில் சரியாக வரலாம், நீதியில் வருவதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், எரிபொருட்களிலேயே நிலக்கரியை முன்னிட்டுக் குறிப்பிட்டு, அதன் இடத்தில் வேறு வழிகளைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். அதே மடலில் ஏழையின் குரலையும் பூமியின் குரலையும் அவர் பிரித்துப் பேசவில்லை. யோபு ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சுரங்கம் வெட்டும் மனிதனைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதிய பழைய நூலை நான் வேறு கண்டதில்லை.

நம் விவசாயியின் அச்சம் வீணானதும் அன்று. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டு மண்ணுக்கடியில்தான் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. அதிதூதரின் பெயரைத் தாங்கிய ஊர் செய்தித்தாளில் அப்படி வந்ததைப் பார்த்து எனக்கே திக்கென்றது. எதிர்ப்பு எழுந்தது; முதலமைச்சர் கடிதம் எழுதினார்; அந்த ஏப்ரலிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே ஒரு மனிதன் தன் கிணற்றில் கறுப்பைக் கண்டு உறக்கமிழந்தான் என்றால் அவனை அறியாதவன் என்று சிரிக்க நான் ஆயத்தமாயில்லை.

ஆனால் அந்தக் கிணற்றடியைப் பொறுத்தமட்டில் ஐயத்திற்கு இடமில்லை. அதைத் தெளிவாகச் சொன்னேன். "உங்கள் நிலத்தின் கீழ் 250 கோடி ஆண்டுப் பாறை. அங்கே கரி இல்லை. இனி வரவும் வராது. வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லி இன்றைக்காவது சமைக்கச் சொல்லுங்கள்."

சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்படி வரை போனவர் திரும்பினார்.

"ஐயா, கல்லறைக்கு வெளிநாடு போகிற கறுப்புக் கல் என்றீர்களே... குவாரிக்காரர்கள் அதைத் தேடி வருவார்களா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வருவார்கள் என்றும், வந்தால் தனியாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும், முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் நில ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டு, பங்குத் தந்தையிடமும் விவரமறிந்த ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிட்டுப் பேசுமாறும் சொன்னேன். வெடி வைத்த இடத்தில் கல் எவ்வளவு அகலத்திற்குத் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு முழம் இருக்கும் என்றார். ஒரு முழ அகலத்துக் கல்லுக்காக எந்தக் குவாரிக்காரரும் மலையடிவாரம் வரை லாரி அனுப்பமாட்டார் என்று நினைக்கிறேன், அதையும் சொன்னேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்திற்கு நீர் ஊறியிருக்கிறதாம். அந்தக் கல் மாட்டுக் கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அண்டை கொடுக்கப் பயன்படுகிறதாம்.